ஐந்து மணிக் கோச்சி

செட்டியார் தெருவில் கால் கிராம் கேட்டேன்.
கம்பியாகவா என்றார். ஓம்.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் நிறுத்தார்.
அந்தக் காற்றுக்கே இலக்கங்கள் ஆடின.
"பிள்ளைக்குத் தோடோ?"
இல்லை, ஆவியாக்க.
பற்றுச்சீட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
பேனையைத் தூக்கியபடியே இருந்தார் நெடுநேரம்.

பம்பலப்பிட்டியில் எங்கள் கருவி
வேறெங்கோ பதினெட்டு வருடம் உழைத்து
ஓய்வுபெற்று வந்தது.
பார்க்க மட்டும் தெரிந்த நுணுக்குக்காட்டி.
ஷிஃபானா அதற்கு எழுதப் பழக்கினாள்.

நகத்தளவு சிலிக்கன். மேலே பிசின்.
நூற்றெண்பது பாகையில் இரண்டு நிமிடம் சுட்டது.
இலத்திரன் பட்ட இடம் நொய்யும்.
நொய்ந்தது கழுவினால் போகும்.
போன இடத்தில் பொன் இறங்கும்.
மிச்சப் பொன்னைப் பிசினோடு சேர்த்து
அசற்றோன் உரித்துக்கொண்டு போகும்.
கால் கிராமில் முக்காலே மூன்று வீசம்
கூண்டின் சுவருக்குத்தான் நகை.
நாங்கள் எழுதுவது கம்பியை அல்ல,
கம்பி வந்து விழப்போகும் பள்ளத்தை.

ஒரு கோட்டுக்குக் கொடுத்தது
பக்கத்துக் கோட்டிலும் ஊறும்.
உள்ளே போய் முட்டித் திரும்பும் இலத்திரனுக்கு
வீட்டிலக்கம் தெரியாது.
வெள்ளவத்தைத் தொடர்மாடியில்
மூன்றாம் மாடி மிளகாய் வறுத்தால்
நாலாம் மாடி தும்முவதில்லையா,
அப்படி.
அதனால் நெருக்கமான கோடுகளுக்குக் குறைத்தே கொடுப்போம்.
எவ்வளவு குறைத்து?
அதற்கே போனது ஒரு வருடம்.

பிறகு தண்டவாளம். இருநூறு மீற்றரில்.
கடைசிக் கோச்சிக்கும் முதற்கோச்சிக்கும் நடுவில்தான்
எங்களுக்குக் கை நடுங்காது.
ருவந்தி நேர அட்டவணையைக்
கருவியின் கதவில் ஒட்டியிருந்தாள்,
சாமிப்படம்போல.

ஆனியில் ஓரிரவு
மின்சாரம் போய், ஜெனரேட்டர் இருமி,
வெற்றிடம் மறுபடி இறங்க இரண்டரை மணி.
நாலு ஐம்பதுக்கு இன்னும் பதினாலு நிமிட வேலை.
"நிப்பாட்டுவமா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
அதுவே பதிலாகிவிட்டது.

வருடம் முழுக்கப் பிந்திய கோச்சி
அன்றைக்கு ஐந்துக்குச் சரியாக வந்தது.

எழுதிக்கொண்டிருப்பவளின் முழங்கையை
வாங்கில் பக்கத்தில் இருப்பவள் தட்டினால்
எப்படியோ அப்படி.
கோடு விலகியது. மேலும் போனது.

எறிய மனமின்றிக் கழுவினோம், பொன் போட்டோம்.
மறுநாள் பார்த்தால்
கம்பி இரண்டாகி,
நெரிசலான ஒழுங்கையில் எதிரெதிரே வந்த இருவர்போல
உரசாமல் விலகி நின்றது.
இடையில் இரண்டு நனோமீற்றரும் இராது.
நாங்களாய் வரைந்தால்
பன்னிரண்டுக்குக் கீழே ஒருநாளும் இறங்காத இடைவெளி.

மின்னழுத்தம் கொடுத்தோம்.
முள் அசைந்தது.
பாலமில்லை, படகில்லை.
இந்தப் பக்கம் இருந்த இலத்திரன்
அந்தப் பக்கம் இருந்தது.

நான் கத்தியேவிட்டேன்.
ஷிஃபானா கையுறையைக் கழற்றியபடி சொன்னாள்:
"ஒன்றென்றால் ஒன்றுமில்லை.
இன்னும் பத்துக் காட்டு."

அன்றிலிருந்து நாலு நாற்பத்தாறுக்குத் தொடங்குகிறோம்.
அந்தக் கம்பிக்குக் கற்றை வருகையில்
கோச்சியும் வரவேண்டும்.
ஒருநாள் வேலைநிறுத்தம்.
ஒருநாள் பாதையில் மரம்.
ஒருநாள் வந்தது, மெதுவாக,
யாரையோ எழுப்பக்கூடாதென்பதுபோல.
"முந்தி இதைத் திட்டினீங்கள்,
இப்ப எட்டி எட்டிப் பார்க்கிறீங்கள்" என்கிறார்
காவலாளி குணதிலக.

செய்முறைக் குறிப்பில் ஷிஃபானா
"அதிர்வு" என்று எழுதி
இரண்டு புள்ளி வைத்து
மிச்சத்தை வெறுமையாய் விட்டிருக்கிறாள்.

இன்று ஐந்து இருபத்தாறுக்கு வந்தது.
அதற்குள் கம்பி முடிந்துவிட்டது.
நேராக. நுனிமுதல் நுனிவரை
ஒரு குறையுமில்லாமல்.
ருவந்தி பார்த்தாள்,
குறட்டால் எடுத்தாள்,
குப்பைப் பெட்டியில் போட்டாள்.